ஒரு பூகம்பம், இரண்டு அளவுகோல்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இப்பேச்சுக்கு வித்திட்டவர் எமது சங்க வாசிகசாலைக்கு நாடோறும் வந்து பத்திரிகை பார்க்கும் முதியவர் ஒருவர். ஒருநாட் காலையில் முதற்பக்கத்தில் ஏதோ ஒரு தூரதேசத்துப் பூகம்பச் செய்தி வந்திருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எம்மை அழைத்தார். "தம்பி, நீர் பௌதிகம் படிக்கிறீர் எல்லோ? இதிலை ஆறு எண்டு போட்டிருக்கு. ஆறு எண்டால் எத்தனை சனம் சாகும்?" என்று கேட்டார். நாம் விடை சொல்லத் தொடங்குமுன் அவரே, "என்ன பாவஞ் செய்ததுகளோ, பாவங்கள்" என்று பெருமூச்செறிந்து பத்திரிகையை மடித்துவிட்டார்.

அவருக்கு அன்று நாம் கொடுத்த விடை அரைகுறையானது. வீட்டுக்குச் சென்று யோசித்தபோதுதான் அவருடைய வினாவும் பெருமூச்சும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது எமக்குத் தெரிந்தது. எண் ஒன்று தெரிந்துவிட்டால் சாவின் தொகையும் தெரியவேண்டும் என்று அவர் எண்ணினார். அப்படித் தெரியாதபோது மிச்சத்தைப் பாவத்தின் கணக்கில் எழுதினார். அந்த மிச்சம் எங்கே இருக்கிறது என்பதே இன்று நாம் பேச எடுத்த பொருள்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். பூமியின் ஆட்டத்தை அளக்கப் புறப்படுபவனுக்கு ஒரு விசித்திரமான இடர் உண்டு. அவனும், அவன் மேசையும், அவன் கருவியும் பூமியோடு சேர்ந்தே ஆடுகின்றன. ஆடாத ஓரிடத்தில் நின்றன்றோ ஆட்டத்தை அளக்கவேண்டும்? சீனதேசத்தில் கி.பி. 132 இல் சாங் ஹெங் என்பார் வெண்கலச் சாடியொன்றில் எட்டுத் திசைக்கும் எட்டுப் பறவைநாகங்களை அமைத்து, அதிர்ச்சி வந்ததும் ஒரு நாகத்தின் வாயிலிருந்து குண்டு கீழே விழும்படி செய்தார். அதிர்ச்சி வந்ததென்பதை அஃது அறிவித்தது. எவ்வளவு என்பதைச் சொல்ல அதனால் இயலவில்லை.

பஸ் வண்டி திடீரெனப் புறப்படும்போது நிற்பவர்கள் பின்னே சாய்வதை எல்லோரும் அறிவோம். வண்டி முன்னே செல்ல, உடல் இருந்தவிடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இதனைச் சடத்துவம் என்பர். கனமான குண்டொன்றைத் தொங்கவிட்டால் தரை சட்டென அசையும்போது குண்டு இருந்தபடியே இருக்க முயலும். குண்டிலே ஓர் எழுதுகோலும், தரையோடு பிணைந்த உருளையிலே காகிதமும் பொருத்தினால், காகிதம் ஆட, ஆடாத எழுதுகோல் கோடு வரையும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யப்பானிலே பணிபுரிந்த யோன் மில்ன் என்னும் ஆங்கிலேயரும் அவருடைய தோழர்களும் திருத்தமுற அமைத்த பதிகருவிகளின் உட்பொருள் இதுவே. இன்று காகிதமும் மையும் போய் மின்சாரக் கருவிகள் வந்துவிட்டன; குண்டின் தத்துவம் போகவில்லை.

1889 இல் யேர்மனியின் பொற்ஸ்டாம் நகரிலே வேறொரு வேலைக்காக நிறுத்தியிருந்த நுண்ணிய ஊசலொன்று, யப்பானில் நிகழ்ந்த அதிர்ச்சியைத் தன் தாளிலே குறித்துவைத்தது. அன்றிலிருந்து பூகம்பம் ஊர்ச்செய்தியாக இருந்த நிலை மாறி உலகச் செய்தியாயிற்று.

மின்னல் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணி, மழை எவ்வளவு தொலைவில் என்று சொல்லும் வழக்கம் எம் வீடுகளில் உண்டு. பூகம்பத்துக்கும் அத்தகைய மின்னலும் இடியும் உள. முதலில் வருவது நிலத்தை முன்னும் பின்னும் நெருக்கிச் செல்லும் முதலலை. அது மேற்பாறையில் செக்கனுக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர் ஓடும். அடுத்து வருவது பக்கவாட்டில் உலுக்கும் துணையலை. அதன் வேகம் ஏறக்குறைய 3½ கிலோமீற்றர். வீடுகளைப் பெரிதும் வீழ்த்துவது பின்னையதே. இரண்டுக்கும் இடையே கழியும் ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரம் என்று கொள்ளலாம். மூன்று ஊர்களில் இப்படிக் கணக்கிட்டு, தேசப்படத்திலே மூன்று வட்டம் கீறினால் அவை சந்திக்குமிடம் பூகம்பத்தின் பிறப்பிடம்.

இனி, ஆறு, ஏழு என்னும் எண். 1935 இல் கலிபோணியாவிலே சாள்ஸ் றிக்டர் என்பார் வகுத்தது அது. பதிகருவி வரைந்த கோட்டின் வீச்சை எடுத்து, தூரத்துக்கேற்பத் திருத்தி, பூகம்பத்துக்கு ஒரே எண்ணைச் சூட்டினார். எண் ஒன்று கூடினால் ஆட்டத்தின் வீச்சு பத்து மடங்கு. வெளிப்பட்ட சக்தியோ ஏறத்தாழ 32 மடங்கு. ஆறும் எட்டும் அடுத்தடுத்த வீட்டார்போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு சக்தி கிடக்கிறது. (1979 முதல் விஞ்ஞானிகள் பெரிய பூகம்பங்களுக்கு வேறொரு திருந்திய அளவை வழங்குகின்றனர். பத்திரிகையாளருக்கு மட்டும் றிக்டரைவிட மனம் வரவில்லை.)

இவ்வெண் பூகம்பத்தின் பிறப்பிடத்தைப் பற்றியது. எமது கோயிற் காண்டாமணிக்கு நிறை ஒன்றே. ஆனால் மணிக்கூட்டுக் கோபுரத்தின் அடியில் நிற்பவன் காதைப் பொத்துகிறான். இரண்டு வீதி தாண்டி இருப்பவள் கேட்டுக் கைகூப்புகிறாள். வயலுக்கு அப்பாலுள்ளவனுக்குக் கேட்பதேயில்லை. மணியின் நிறையை அறிந்துவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் அது எப்படிக் கேட்டதென்று அறிந்ததாகுமோ? வீட்டுக்கு வீடு சென்று விசாரித்தாலன்றி அது விளங்காது.

பூகம்பத்தில் அப்படி விசாரிக்கப் புறப்பட்டவர்களுள் முதல்வராக வைக்கத்தக்கவர் அயர்லாந்துக்காரராகிய றொபேட் மலட் என்னும் எந்திரியார். 1857 இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் இராச்சியத்திலே ஊர்கள் பல இடிந்தன. அவர் அங்கே சென்று, எந்தச் சுவர் எப்பக்கமாக வெடித்தது, எந்தத் தூண் எத்திசையில் விழுந்தது என்று ஊரூராகக் குறித்து, சமமாக ஆடிய இடங்களைக் கோட்டால் இணைத்துப் படம் வரைந்தார். பின்னர் மெர்க்காலி என்னும் இத்தாலியக் குருவானவர் திருத்தி அமைத்ததும், 1931 இல் அமெரிக்கர் இருவர் மறுபடி திருத்தியதுமான 12 படி அளவுகோல் இன்றும் வழக்கிலுள்ளது. அதிலே கருவியின் பெயரே இல்லை. 4 ஆம் படியில் பீங்கான்களும் யன்னல்களும் கிலுகிலுக்கும். 5 இல் உறங்குவோர் விழிப்பர். 6 இல் எல்லோரும் உணர்ந்து, பலர் வெளியே ஓடுவர், சுவர்ப்பூச்சு உதிரும். 10 இல் கற்கட்டடங்களிற் பெரும்பாலானவை வீழும், தண்டவாளங்கள் வளையும். 12 என்பது முற்றழிவு. ஆகவே இது வீட்டுக்காரியின் சாட்சியத்தாலும், கொத்தனாரின் கண்ணாலும் அளக்கும் கோல். யப்பானிலே 1996 வரை வானிலை நிலையத்து உத்தியோகத்தர் தம் உடலால் உணர்ந்தே படியைத் தீர்மானித்து வந்தனர் என்றால் பாருங்கள். அமெரிக்காவில் 1999 முதல் 'நீங்கள் உணர்ந்தீர்களா?' என்று இணையத்தின் மூலம் பொதுமக்களிடமே கேட்கிறார்கள். இலட்சக்கணக்கானோர் விடை எழுதுகிறார்கள்.

இந்த இரண்டு கோலும் ஒன்றோடொன்று முரண்பட்டதுபோல் தோன்றிய ஒரு வரலாற்றை இனிச் சொல்கிறோம்.

1934 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் நாள், பிற்பகல் இரண்டேகால் மணியளவில், வட பீகாரும் நேபாளமும் நடுங்கின. எண்ணால் 8 என்றும் அதற்குச் சற்று மேல் என்றும் கணித்துள்ளனர். பீகாரில் 7,000 பேருக்கு மேலும் நேபாளத்தில் 8,500 பேருக்கு மேலும் மாண்டனர். கங்கைக்கரையிலுள்ள முங்கேர்ப் பட்டினம் மண்மேடாயிற்று. முசாபர்பூர் பாழாயிற்று. காத்மண்டுப் பள்ளத்தாக்கிலே தாராகரா என்னும் உயர்ந்த வெண்கோபுரம் முறிந்தது. நூற்றுக்கணக்கான மைல் தெற்கே, கல்கத்தாவில் அங்கிலிக்கன் பேராலயமாகிய சென். போல்ஸ் கோயிலின் கோபுரமும் வீழ்ந்தது.

இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த டன், ஓடன், கோஷ், றோய் முதலியோர் ஊரூராகச் சென்று ஆராய்ந்து, 1939 இல் ஒரு பெரு நூலாக வெளியிட்டனர். அதிலுள்ள படத்தைப் பார்ப்போருக்கு ஒன்று வியப்பாயிருக்கும். 10 ஆம் படி நடுக்கம் ஓரிடத்தில் மட்டுமன்றி மூன்று இடங்களில் உள்ளது: காத்மண்டுப் பள்ளத்தாக்கு ஒன்று, முங்கேர் ஒன்று, இவற்றுக்கிடையே, சீதாபிராட்டி தோன்றிய தலமெனப் போற்றப்படும் சீதாமர்ஹி தொடங்கி மதுபனி வழியாகப் பூர்ணியா வரையும் கிடக்கும் ஒரு நீண்ட பட்டை மற்றொன்று. அந்தப் பட்டையின் நீளம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அங்கே வீடுகள் நொறுங்கி விழுந்ததிலும் சாய்ந்தும் புதைந்தும் போனதே அதிகம். நிலம் வாய்திறந்து நீரையும் மணலையும் கக்கிற்று. கிணறுகள் தூர்ந்தன, பயிர்நிலம் மணலால் மூடுண்டது.

இதன் காரணத்தை அறிய எம் கடற்கரைக்குப் போனாற் போதும். அலை மீண்ட ஈரமணலில் நின்று இரண்டு காலாலும் விரைந்து மிதித்துப் பாருங்கள். இறுகியிருந்த மணல் சற்று நேரத்தில் கஞ்சிபோல் இளகி, நீர் மேலே வர, கால் உள்ளே இறங்கும். மணற்பருக்கைகளுக்கிடையே நின்ற நீர், குலுக்கலினால் நெருக்குண்டு பருக்கைகளைப் பிரித்துவிடுகிறது. இமயத்திலிருந்து வரும் ஆறுகள் கொணர்ந்து குவித்த நீர்தோய்ந்த மணலும் வண்டலுமே வட பீகார். அதனை மிதித்தது 1934 இன் பூகம்பம். மேலே இருந்த வீடு கீழே இறங்கியது.

அழிவு அங்கே கொடியதாயிருந்தபடியால் பூகம்பத்தின் பிறப்பிடமும் அங்கேயே என்று அக்காலத்தார் கருதினர். பிற்காலத்தில், உலகின் பல நிலையங்களில் 1934 இல் பதிந்த பழைய தாள்களை எடுத்து அலைகள் வந்த நேரத்தைத் திரும்பக் கணித்தபோது, பிறப்பிடம் வடக்கே, கிழக்கு நேபாள மலைகளில், எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே என்று தெரியவந்தது. 2013 இல் வெளியான ஆராய்ச்சியொன்றில் நேபாளிய, பிரெஞ்சு, சிங்கப்பூர் அறிஞர் சேர்ந்து மலையடிவாரத்தில் குழிவெட்டி, மண்படைகள் 1934 இல் அறுந்து உயர்ந்த இடத்தையே காட்டினர். அதே இடம் 1255 இலும் அறுந்திருந்தது. அந்த ஆண்டுப் பூகம்பத்தில் நேபாள மன்னன் அபயமல்லன் மாண்டான் என்று அந்நாட்டு வரலாறு கூறும். இந்தியாவின் பாறைத்தட்டு இமயத்தின் கீழே ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நுழைகிறது. நுழையமுடியாது பிடித்திருக்கும் விளிம்பு, பல நூறாண்டு பொறுத்து ஒருநாள் வழுக்குகிறது. வழுக்கிய இடம் மலையில். பெரிதும் வருந்திய ஊர் பலவோ தொலைவிலே சமவெளியில்.

இவ்வளவையும் அன்று யாரும் அறியார். சனவரி 24 ஆம் நாள், பூகம்பம் நிகழ்ந்து ஒன்பதாம் நாள், காந்தியடிகள் எங்கே இருந்தார் தெரியுமோ? தமிழ்நாட்டில், திருநெல்வேலியில் இருந்தார். தீண்டாமையை ஒழிக்க நாடெங்கும் யாத்திரை செய்த காலம் அது. அங்கே கூடியிருந்த பெருங்கூட்டத்திலே, பீகாரின் அழிவு தாழ்த்தப்பட்டோருக்கு நாம் இழைத்த பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்று தாம் நம்புவதாகக் கூறினார். 'நாம்' என்று தம்மையுஞ் சேர்த்தே கூறினார் என்பதை மறக்கலாகாது. இதனைப் பத்திரிகையிற் கண்ட இரவீந்திரநாத தாகூர் மனம் நொந்து மறுப்பு எழுதினார். இயற்கையின் விளைவுக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு என்பதும், இத்தகைய வாதத்தைக் காந்தியின் எதிரிகளும் தமக்கேற்றபடி திருப்பிக்கொள்ளலாம் என்பதும் அவர் சொன்னவற்றின் சாரம். தீண்டாமையைக் காக்க நின்ற வைதிகர் சிலரும் அவ்வாறே, ஆலயக் கதவுகளைத் திறக்கச் சொன்னதற்கே இத்தண்டனை என்றனர். பெப்ரவரி 16 ஆம் நாள் 'ஹரிஜன்' பத்திரிகையில் தாகூரின் மறுப்பும் காந்தியடிகளின் பதிலும் சேர்ந்தே வெளியாயின. காந்தியடிகள் தம் கூற்றை மீளப் பெறவில்லை. ஆயினும் மறுப்பைத் தாமே அச்சிட்ட பெருந்தன்மையை நாம் போற்றுகிறோம்.

இவ்விருவருள் நாம் தாகூரின் பக்கம் நிற்கிறோம். காந்தியடிகள் கண்டித்த பாவம் பாவமே. அதனைக் கண்டிக்க அவருக்குப் பூகம்பம் வேண்டியதில்லை. எமது யாழ்ப்பாணத்திலே 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் வழிபட வந்தோரைத் தடுத்தபோது நிலம் அசையவில்லை. அத்தடை பிழையென்று அறிய நிலம் அசைய வேண்டியதும் இல்லை. இதனைக் கேட்டு முகஞ்சுளிக்கும் பெரியோர் இச்சபையில் இருப்பின் எம் இளமையைப் பொறுத்தருள்க, சொன்னதை மாற்றமாட்டோம்.

நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள் என்பது உங்களுட் பலருக்குத் தெரியும். காலையில் வேதாகம வகுப்பு, மாலையில் தேவாரம் என்று வளர்ந்தோம். அவ்வகுப்பிலே லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 13 ஆம் அதிகாரம் படித்த நாள் எம் நினைவிலுண்டு. சீலோவாம் என்னுமிடத்திலே கோபுரமொன்று இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டனர்; அவர்கள் மற்றெல்லாரிலும் கூடிய குற்றவாளிகளோ என்று இயேசு தம்மைச் சூழ்ந்தோரைக் கேட்டு, இல்லை என்று தாமே விடை கூறுகிறார். கேட்டோர் மனந்திரும்பவேண்டும் என்ற எச்சரிக்கையும் அதனோடு வருகிறது. மாண்டவர் மேல் பழி வரவில்லை. எம் சைவத்திலும் வினைக் கொள்கை ஆழ்ந்த ஒன்று. ஆனால் அதனை ஒருவன் தன்னைத் திருத்தும்பொருட்டு வைத்தார்களேயன்றி, அயலான் வீட்டு இடிபாட்டின் மேல் ஏறிநின்று அவன் வினையை எடைபோடும்பொருட்டு வைக்கவில்லை என்றே நாம் விளங்கியிருக்கிறோம். 1934 இல் நேபாளத்துக் கோபுரமும் விழுந்தது. கல்கத்தாவின் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் விழுந்தது. உயரமான, கனமான, வளைந்துகொடாத கட்டடம் எச்சமயத்தாருடையதாயினும் விழும்.

பாவத்தைவிட்டு அளவுகோலைப் பிடித்தால் தெரியவருவன சில உள. நேபாளத்தில் அப்பூகம்பத்தின் வரலாற்றை எழுதிய பிரம்ம ஷம்ஷேர் என்னும் தளபதி மாண்டோரைக் கணக்கெடுத்தார். ஆண்களிலும் பெண்களே கூடுதலாக மாண்டனர் என்பது அக்கணக்கு. பிற்பகல் இரண்டேகால் மணிக்கு வயலிலும் வெளியிலும் நின்றவர் யார், வீட்டுக்குள்ளே இருந்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். இறைவன் பெண்களையே தேர்ந்து தண்டித்தான் என்று சொல்ல எவருக்கு நா எழும்?

நிவாரண வேலையிலும் அளவு பிழையாதிருந்த ஒருவரைச் சொல்லாது செல்ல மனம் வரவில்லை. சிறையிலிருந்து விடுதலையான இராசேந்திர பிரசாத் அமைத்த பீகார் மத்திய நிவாரணக் குழுவுக்கு வந்த பெருந்தொகைப் பணத்தைக் கணக்குவைத்துக் காத்தவர் தஞ்சாவூர்த் தமிழராகிய ஜே. சி. குமரப்பா. கிறிஸ்தவர், கணக்காய்வு கற்றவர். இடிபாட்டினிடையே காசுக்குக் கணக்குக் கேட்பவனை எவரும் விரும்பார், அவர் கேட்டார்.

இனி மற்றொரு பூகம்பம். 1993 செப்ரெம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சில நிமிடம் முன்னதாக, மராட்டிய நாட்டில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி என்னும் ஊரை அண்டி நிலம் நடுங்கியது. எண் 6.2. இமயத்திலிருந்து வெகுதொலைவிலுள்ள தக்கணப் பீடபூமி அது. உறுதியான நிலமென்று நம்பப்பட்டது. 1934 இன் பூகம்பத்தை 8 என்று கொண்டால், சக்தியிலே இது அதன் ஐந்நூற்றில் ஒரு பங்கு. ஆனால் மாண்டோர் 8,000 இற்கு மேல்; 10,000 வரையும் சொல்வர்.

முந்தின இரவு விநாயகர் விழாவின் நிறைவு நாள். ஊரெல்லாம் பிள்ளையாரை நீரில் விட்டுவிட்டு வந்து அயர்ந்து உறங்கியது. பிள்ளையாரை வழிபட்டு வந்தவர்களை அதே இரவில் எந்தப் பாவத்துக்கு எந்தத் தெய்வம் தண்டித்தது என்று இச்சபையிலே எவரும் கூறத் துணியார் என நம்புகிறோம்.

அவ்வூர் வீடுகள் எப்படிப்பட்டவை என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். விடயம் அங்கேதான் இருக்கிறது. இரண்டடி, மூன்றடிக் கனமான கற்சுவர். உள்முகமும் வெளிமுகமும் இரு தனிச்சுவர்களாக எழ, இடைவெளியிலே சிறுகல்லும் மண்ணும் நிரப்பியிருப்பர். இரண்டு முகத்தையும் ஊடுருவிப் பிணைக்கும் நீண்ட கல் இல்லை. சீமெந்து இல்லை, சேறே சாந்து. மேலே மரச்சட்டம், சட்டத்தின் மேல் ஓரடிக்கும் மேலாக மண். நிலம் குலுங்கியதும் சுவரின் இரண்டு முகமும் புத்தகம் விரிவதுபோல் பிரிந்தன; கல்லும் மண்ணும் உறங்கினோர் மேல் இறங்கின. மூடுண்ட பலர் காயத்தாலன்றி, மூச்சுமுட்டியே இறந்தனர். அதே ஊர்களில், கல்வீடு கட்ட வசதியில்லாதார் மரக்கால் நட்டுப் புல் வேய்ந்திருந்த குடிசைகள் பல நின்றபடியே நின்றன. அவற்றில் உறங்கியவர் எழுந்து வந்து அயல்வீட்டு மண்ணைக் கையால் தோண்டினர். 1934 இன் வாதத்தை இங்கே எவரேனும் எடுத்தாள விரும்பினால், எப்பக்கமாகத் திருப்புவது என்று எமக்குத் தெரியவில்லை.

ஐந்நூற்றில் ஒரு பங்கு சக்தி. சாவோ பாதிக்கு மேல். இடையே உள்ள வேறுபாட்டை நிரப்புவன எவை? பிறப்பிடம் காலடியில் இருந்தமை ஒன்று. மணி ஒன்று, பிற்பகலுக்குப் பதில் பின்னிரவு. சுவர் மற்றொன்று. முதியவர் பாவத்தின் கணக்கில் எழுதிய மிச்சம் இதுவே.

2015 ஏப்ரில் 25 ஆம் நாள் நேபாளம் மறுபடி நடுங்கியது, எண் 7.8. காத்மண்டு பழைய ஏரியொன்றின் களிமண் படிந்த பள்ளத்தாக்கில் உள்ளதாதலால், நகர் முழுதும் தரைமட்டமாகும் என்று பலர் நெடுநாள் அஞ்சியிருந்தனர். நகரிலிருந்த பதிகருவியொன்று காட்டியது வேறு. அதிகூடிய உந்துதல் புவியீர்ப்பின் ஆறிலொரு பங்கு அளவே. ஆனால் நிலம் மெல்ல, ஏறத்தாழ நான்கைந்து செக்கனுக்கு ஒருமுறை, ஊஞ்சல்போல் ஆடிற்று. ஊஞ்சல் தன் வேளைக்குத் தள்ளினால்தான் உயரும். குட்டையான வீடு விரைந்தாடும் ஊஞ்சல், நெட்டையான கட்டடம் மெல்ல ஆடும் ஊஞ்சல். மெதுவான தள்ளல் குட்டை வீடுகளுக்கு வேளை பிசகிற்று. 1934 இல் முறிந்து மீளக் கட்டப்பட்டிருந்த தாராகராவோ அடியோடு முறிந்து, மேலே ஏறிநின்ற பலரைக் கொன்றது. மலைக்கிராமங்களில், சேற்றுச் சாந்தில் எழுந்த கல்வீடுகள் இலட்சக்கணக்கில் வீழ்ந்தன. எல்லாமாக 9,000 பேர் வரையில் மாண்டனர். அன்று சனிக்கிழமை, பாடசாலை விடுமுறை; இடிந்த ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமையே அங்கே கிறிஸ்தவர் ஆராதனைக்குக் கூடும் நாள்; சில ஆலயங்களில் வழிபட்டோர் அப்படியே மாண்டனர். காத்மண்டு என்னும் பெயருக்கே காரணமான காஷ்டமண்டபம் என்ற பழைய மரமண்டபத்தில் அப்போது இரத்ததானம் நடந்துகொண்டிருந்தது. மண்டபம் வீழ்ந்தது; இரத்தம் கொடுக்க வந்தோரும் அகப்பட்டனர். பின்னர் தோண்டிப் பார்த்த தொல்லியலாளர், பல நூற்றாண்டுப் பழமையான அத்திவாரம் பழுதின்றி இருந்ததென்று கண்டனர்.

எமது தீவு பெரும் பூகம்பம் அடிக்கடி காணாத நிலம். ஆயினும் 2004 திசெம்பர் 26 காலை சுமாத்திராவில் நிகழ்ந்ததைக் கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலைப் பதிகருவி சில நிமிடத்தில் எழுதிவிட்டது. கடல் எழுந்து எம் கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணிக்கு மேலாயிற்று. இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை ஒழுங்கு எதுவும் இல்லை. எழுதிய செய்தி கரைக்குப் போய்ச் சேரவில்லை. 30,000 பேருக்கு மேல் மாண்டனர். அப்போதும் கரையோர மக்களின் பாவம் என்று பேசியவர்கள் இருந்தார்கள் என மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சென்ற கிழமை அந்த முதியவரை மீண்டும் வாசிகசாலையிற் கண்டு, இங்கே கூறியவற்றிற் பாதியையாவது கூறினோம். எண்களை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கில்லாரி வீடுகளைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் இளமையிற் கட்டட வேலை செய்தவர் என்பது எமக்கு அன்றுதான் தெரிந்தது. நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஏன் தம்பி கூரையிலை அவ்வளவு மண் போட்டவை?" என்று கேட்டார்.

"வெயிலுக்கு, ஐயா" என்றோம்.